நிமிடத்துக்கு முப்பத்தெட்டு

தாமோதரனிடம் ஆறு கைக்கடிகாரங்கள் இருந்தன. ஆறும் சாவி கொடுத்து ஓடுபவை. காலை ஏழே கால் செய்திக்கு முன்னால் ரேடியோவில் மணி அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு ஆறையும் மேஜையில் வரிசையாக வைத்துச் சரிபார்ப்பான். எது எத்தனை விநாடி முந்தியது, எது பிந்தியது என்று மனதில் குறித்துக்கொள்வான். பிறகுதான் பல் துலக்கப் போவான்.

புதுப்பட்டினத்தில் தாமு என்ற பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். வாட்ச் தாமு என்றால் இவன்.

அணுமின் நிலையத்தின் வொர்க்‌ஷாப்பில் கிரைண்டிங் மெஷின் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி மாமல்லபுரம் போவான். கோயிலையும் கடலையும் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். இவன் அவர்களுடைய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பழைய சாவிக் கடிகாரம் கண்ணில் பட்டால் அருகில் போய், தெரிந்த இங்கிலீஷில் கேட்டு, காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி போலீஸைக் கூப்பிடப் போனாள். அவன் போவதை நிறுத்தவில்லை.

பேட்டரியில் ஓடுவதை அவன் கடிகாரத்தில் சேர்ப்பதில்லை. லோகநாயகியிடம் அப்படி ஒன்று இருந்தது. வெள்ளை முகம், கறுப்பு வார், ஆறு மணிக்குப் பக்கத்தில் கண்ணாடியில் மயிரிழை போல ஒரு கீறல். செங்கல்பட்டில் டைப்பிஸ்டாக இருந்தபோது கூட வேலை பார்த்த பெண்கள் சேர்ந்து கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது.

“இதுக்குள்ள ஒண்ணுமே இல்ல லோகா. ஒரு பேட்டரி, ஒரு சில்லு. உயிர் கிடையாது.”

“எனக்கு மணி தெரிஞ்சா போதும். உயிர வெச்சுகினு நான் இன்னா பண்ண?”

அவன் அதை நண்பன் ராஜாராமிடம் சொல்லிச் சிரித்தான். ராஜாராமும் அதே வொர்க்‌ஷாப், அதே பைத்தியம். இரண்டு பேரும் கேன்டீனில் சாப்பிடும் நேரத்தில் கடிகாரங்களின் பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சாம்பார் ஆறிவிடும்.

ஏழாவது கடிகாரம் மாமல்லபுரத்தில்தான் கிடைத்தது. கல் சிற்பம் செய்பவர் ஒருவரிடம் ஒரு வெள்ளைக்காரர் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையார் ஒன்றை வாங்கிப் போயிருந்தார். சிற்பிக்கு அது வேண்டாம். தாமோதரன் அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினான். சுவிஸ். தேய்மானம் தாங்க உள்ளே பதினேழு கல். முகம் பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வந்திருந்தது. நொடி முள் தயங்காமல், வழுக்கிக்கொண்டு போனது. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸில் முள் ஒவ்வொரு விநாடியும் குதிக்கும். இதில் ஓட்டம் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைக் காதில் வைத்துக்கொண்டு வந்தான்.

நான்கு நாள் கழித்து, 1994 அக்டோபர் கடைசி வியாழக்கிழமை, அது கெட்டது.

மெஷினில் இரும்புத் துண்டைப் பிடித்து நிறுத்த ஒரு காந்தப் பலகை உண்டு. சுவிட்சைப் போட்டால் பிடிக்கும். அதன் பக்கத்தில் கடிகாரத்தோடு போகக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவனே இதைச் சொல்லிக்கொடுப்பான். அவனுடைய ஆறையும் லாக்கரில் வைக்காமல் ஒரு நாளும் மெஷினுக்குப் போனதில்லை. ஏழாவதை மட்டும் விட்டுப் பிரிய மனம் வரவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். நாலே முக்காலுக்கு அளவு பார்க்கக் குனிந்தபோது பை பலகையில் படிந்தது. உடனே எடுத்துப் பார்த்தான். ஓடிக்கொண்டிருந்தது. நொடி முள் வழுக்கிக்கொண்டு போனது. ஒன்றும் ஆகவில்லை என்று கையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

வீட்டில் வைஷாலிக்கு இரண்டு நாளாகச் சளி. பதினான்கு மாதக் குழந்தை. அன்று பாலை வாயில் வைத்ததும் துப்பிவிட்டிருந்தாள்.

“மூச்சு வேகமா இருக்குங்க” என்றாள் லோகநாயகி.

மூச்சை எண்ணுவது அவளுக்குத் தெரியும். தடுப்பூசி போட வரும் நர்ஸ் ஜாக்குலின் எல்லாத் தாய்மாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு நாற்பதோ அதற்கு மேலோ இருந்தால் எதற்கும் காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அவள் எண்ணியிருந்தாள். நாற்பத்து நான்கு. பையில் இரண்டு துணி, பால் புட்டி, தடுப்பூசி அட்டை எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். ஏழரை பஸ்ஸில் செங்கல்பட்டு போய்விடலாம் என்றாள்.

தாமோதரன் அவள் கையைப் பிடித்து அவளுடைய கடிகாரத்தைப் பார்த்தான். தன்னுடையதைப் பார்த்தான். அவளுடையது எட்டு நிமிடம் பின்தங்கியிருந்தது.

“இது ஸ்லோவா ஓடுது. பேட்டரி போயிருக்கும்” என்று சொல்லி, அதன் முள்ளை எட்டு நிமிடம் முன்னே தள்ளினான்.

ஆறு மணிக்கு இரண்டு பேரும் குழந்தையின் இரு பக்கமும் உட்கார்ந்து எண்ணினார்கள். ரேடியோவைப் போட்டு மணி பார்த்திருக்கலாம். குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. லோகநாயகி போட வேண்டாம் என்றாள்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வந்தது. அவனுக்கு முப்பத்தெட்டு.

தாமோதரன் விளக்கினான். கடிகாரம் மெதுவாக ஓடினால் அது காட்டும் நிமிடம் நிஜ நிமிடத்தைவிட நீளமாக இருக்கும். நீளமான நிமிடத்தில் மூச்சு கூடுதலாகத்தான் வரும். அதனால்தான் நாற்பத்து நான்கு. இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை.

அவளுக்குப் புரிந்தது. இருந்தாலும் பையைப் பிரிக்கவில்லை.

ஏழு மணிக்கு மறுபடி இரண்டு கடிகாரங்களையும் பக்கத்தில் வைத்தான். ஒரு மணி நேரத்தில் அவளுடையது இன்னும் பத்து நிமிடம் பின்னால் போயிருந்தது.

“பாத்தியா? இப்பதான் சரி பண்ணேன். மறுபடியும் பின்னால போயிடுச்சு. இத நம்பி புள்ளைய மழைல தூக்கிகினு போவியா?”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஏழரை பஸ் தெருமுனையில் நின்று கிளம்பிய சத்தம் கேட்டது. லோகநாயகி பையிலிருந்து பால் புட்டியை எடுத்து வெளியே வைத்தாள். படுக்கும் முன் அவன் தன் கடிகாரத்தில் இன்னொரு முறை எண்ணினான். முப்பத்தொன்பது. நாற்பது இல்லை.

விடியும்போது குழந்தையின் மூக்குத் துவாரங்கள் விரிந்து விரிந்து மூடின. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டு வேனில் போனார்கள். திருக்கழுக்குன்றத்தில் ஏதோ விசேஷம். வண்டி கூட்டத்தில் கால் மணி நேரம் நின்றது. செங்கல்பட்டில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பதினோரு மணிக்கு எடுத்துவிட்டார்கள்.

நேற்றே ஏன் கொண்டுவரவில்லை என்று டாக்டர் கேட்டார். லோகநாயகி, நேற்று எண்ணினோம், முப்பத்தெட்டுதான் இருந்தது என்றாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்படியானால் ராத்திரியில் திடீரென்று ஏறியிருக்கும், சில குழந்தைகளுக்கு அப்படி ஆகும், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்.

அந்த வாக்கியத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் காரியம் என்று எதுவும் செய்வதில்லை. மூன்றாம் நாளே சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். பத்தாம் நாள் காலை லோகநாயகி தன் கடிகாரத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். கையை நீட்டினாள்.

“உங்க வாட்ச்ச குடுங்க. அதுலதான அவ மூச்ச எண்ணினோம். அதுதான் சரியா காட்டுச்சு.”

தாமோதரன் அதை எடுத்தான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவன் எந்தக் கடிகாரத்துக்கும் சாவி கொடுக்கவில்லை. ஏழும் நின்றிருந்தன.

“நாப்பது இருந்திருந்தா நாம போயிருப்போம், இல்ல?” என்று கேட்டாள்.

“போயிருப்போம்.”

ஆயில் போட்டுத் தருகிறேன், இரண்டு நாள் பொறு என்றான். அவள் உள்ளே போனதும் குப்பையிலிருந்து அவளுடையதை எடுத்துத் துடைத்தான். எந்தக் கடிகாரத்தையும் தூக்கிப் போட அவனால் முடியாது. அவ்வளவுதான் காரணம். வேறு எதுவும் அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஏழே காலுக்கு ரேடியோவைப் போட்டான். மணி அடித்தது. பேட்டரிக் கடிகாரம் எட்டு நிமிடம் முந்திக் காட்டியது. அவன் கையால் முன்னே தள்ளிய அதே எட்டு நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம் இல்லை, கீழும் ஒரு நிமிடம் இல்லை.

சுவிஸ் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்று வேலைக்குப் போகவில்லை. ஒரு மணி நேரத்தில் சுவிஸ் பத்து நிமிடம் முந்திப் போயிருந்தது. நொடி முள் அழகாக வழுக்கிக்கொண்டிருந்தது.

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே ஜெபசிங் கடிகாரம் பழுது பார்க்கிறவன். தாமோதரனை அவனுக்குப் பல வருடங்களாகத் தெரியும். அவன் ஒன்றும் திறந்து பார்க்கவில்லை. மேஜையில் ஒரு சின்னத் திசைகாட்டியை வைத்து, அதன்மேல் கடிகாரத்தைக் கொண்டுவந்தான். திசைகாட்டியின் முள் சுற்றியது.

“காந்தம் ஏறிக்கீது சார். ஹேர்ஸ்பிரிங் சுருளு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு தாறுமாறா ஓடுது. எங்கனா மெஷினாண்ட கொண்டுபோனீங்களா?”

தாமோதரன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்.

“நீங்களே மத்தவங்களுக்குச் சொல்ற ஆளு. இன்னா சார் நீங்க.”

ஜெபசிங் கடிகாரத்தை ஒரு நீலப் பெட்டியின் மேல் வைத்து, பொத்தானை அழுத்தி, மெதுவாகத் தூக்கினான். மறுபடி திசைகாட்டி. முள் அசையவில்லை.

“முடிஞ்சுது. பத்து செகண்டு வேலை. இதுக்கு டப்பு வேணாம் சார்.”

தாமோதரன் ஸ்டேஷனுக்குள் போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தான். பீச் ஸ்டேஷனுக்குப் போகும் இரண்டு மின்சார ரயில்கள் கிளம்பிப் போயின. முப்பத்தெட்டை எழுபதால் பெருக்கி அறுபதால் வகுத்தான். நாற்பத்து நான்கும் கொஞ்சமும் வந்தது. இன்னொரு முறை வகுத்தான்.

அவள் சரியாக எண்ணியிருந்தாள்.

அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தான். லோகநாயகி வாசலில் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ராத்திரி திடீரென்று ஏறியிருக்கும். யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. பத்து நாளில் முதல் முறையாக அவள் தலை வாரியிருந்தாள். அவன் கடிகாரத்தை அவள் கையில் கொடுத்தான். அவள் கட்டிக்கொண்டாள். ஆணின் கடிகாரம், வாரில் புதிதாக ஒரு துளை போட வேண்டியிருந்தது. அதையும் அவனே போட்டுக் கொடுத்தான்.

பிறகு லோகநாயகி நர்ஸ் ஜாக்குலினிடம் போனாள். எண்ணும் முறையை மறுபடி கேட்டு, எந்த வயதுக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி வாங்கி வந்தாள். முதலில் தெருக்காரர்கள் வந்தார்கள். இரண்டு வருடத்தில் மீனவர் குப்பத்திலிருந்தும் காலனியிலிருந்தும் வந்தார்கள். குழந்தைக்குச் சளி என்றால் அவளிடம் தூக்கி வருவார்கள். அவள் கூடத்தில் பாய் போட்டு, தூங்கும்வரை காத்திருந்து, எண்ணிச் சொல்வாள். தாளில் இருக்கும் எண்ணைத் தொட்டால் ஆட்டோவுக்கு அவளே காசு கொடுத்து அனுப்புவாள். தொடாவிட்டால் தைரியம் சொல்லி அனுப்புவாள். அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

எல்லாவற்றையும் அந்தச் சுவிஸ் கடிகாரத்தில்தான் எண்ணினாள்.

அதைச் சரியாக ஓட வைப்பது தாமோதரனின் வேலையாக ஆனது. காலையில் அவள் குளிக்கப் போகும்போது கடிகாரத்தைக் கழற்றி அவனிடம் கொடுப்பாள். சாவி கொடுப்பது அவன் பொறுப்பு. பாத்ரூம் கதவு மூடியதும் கால்சட்டைப் பையிலிருந்து பேட்டரிக் கடிகாரத்தை எடுப்பான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். நேற்றைக்கு இன்று எத்தனை விநாடி. பத்து, பன்னிரண்டு விநாடி என்றால் சரி. ஒரு நாள் நாற்பது விநாடி வந்தது. பின்மூடி லூஸ் என்று பொய் சொல்லி அன்றே ஜெபசிங்கிடம் ஓடினான். வெறும் எண்ணெய்ப் பிசுக்கு.

அவள் குளித்துவிட்டு வரும்போது அவன் மேஜை முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பான். கடிகாரப் பைத்தியம் இன்னும் விடவில்லை என்று அவள் நினைத்தாள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது என்று அவனுக்குத் தெரிந்தது.

ஆறையும் ராஜாராமிடம் தள்ளிவிட்டான். ஒரு நாள் லாக்கர் ரூமில் பேட்டரிக் கடிகாரம் ராஜாராமின் கண்ணில் பட்டது.

“இன்னா மச்சான், பொம்பள வாட்ச்ச ஜோபுல வெச்சுகினு சுத்தற? சாவிக்கு நேந்துகினவன்னு நெனச்சேன். சில்லுக்கு மாறிட்டியா?”

“மணி சரியா காட்டுது.”

“ரேஷன் கடைல தொங்குற கடிகாரமும்தான் சரியா காட்டுது. கட்டிகினு வா.”

தாமோதரன் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. பேட்டரிக் கடிகாரத்தை லாக்கரில் வைத்தான். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். ஒரு நாளும் தவறியதில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஜெபசிங்கிடம் பேட்டரி மாற்றுவான். முதல் முறை பின்மூடியைத் திறந்தபோது பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தான். அன்று லோகாவிடம் அவன் சொன்னது உண்மை, உள்ளே ஒன்றுமில்லை. மயிர் போன்ற செம்புக் கம்பியைச் சுற்றிய ஒரு சுருள். அரிசி நீளத்துக்கு ஒரு வெள்ளிக் குப்பி. அதற்குள்தான் குவார்ட்ஸ் கல் இருக்கிறது, விநாடிக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் தடவை துடிக்கிறது என்றான் ஜெபசிங். தாமோதரன் நெடுநேரம் பார்த்தான். துடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. யாருக்கும் காட்டிக்கொள்ளாமல் துடித்துக்கொண்டிருந்தது.

மாதத்துக்கு ஒன்பது விநாடி முந்தும். வெயிலில் எட்டு. மழையில் பத்து. அதற்கு மேல் போனதில்லை. யாரும் சாவி கொடுக்க வேண்டாம், யாரும் காதில் வைத்துக் கேட்க வேண்டாம். பேட்டரி தீர்ந்தால் நின்றுவிடும். நிற்கும் வரை சரியாக ஓடும். சுவிஸ் கடிகாரம் அந்த மாலை நிற்கவில்லை. நின்றிருந்தால் போதும். அன்று நின்றிருந்தால் அவளுடையதில் எண்ணியிருப்பார்கள். இதை அவன் எத்தனை முறை நினைத்தான் என்று கணக்கில்லை.

தொண்ணூற்றேழு தீபாவளிக்குப் புதுக் குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்று வாங்கி வந்து நீட்டினான். பெரிய நொடி முள், எண்ணுவதற்கு வசதி என்றான். அவள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

“எனக்கு இது வேணாங்க. பேட்டரி வாட்ச்ச நம்பித்தான் அன்னிக்கு மழைல அவள தூக்கிகினு அலைய இருந்தேன்.”

அப்போதும் சொல்லியிருக்கலாம். கடைக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

2003 டிசம்பரில் வொர்க்‌ஷாப்பில் வருடாந்திர மராமத்து. இரண்டு நாள் வீட்டுக்கு வர முடியவில்லை. போகும்போது கடிகாரத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் போனான். இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்குத் திரும்பினான்.

கூடத்தில் பாய் போட்டிருந்தது. பின்தெருப் பூவாயியின் பையன் படுத்திருந்தான். இரண்டு வயது. பூவாயியின் கணவன் காண்டிராக்ட் வேலைக்கு வெளியூர் போயிருந்தான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். லோகநாயகி ஒரு கையைப் பையனின் வயிற்றுக்கு மேலே வைத்து, மறு கையைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். தாமோதரன் செருப்பைக் கழற்றியபடி நின்றான்.

அவள் மணிக்கட்டில் கடிகாரத்தை ஒட்டி ஒரு வளையல் இருந்தது. இதற்கு முன் அவன் பார்த்ததில்லை. தாமிர நிறம். இரண்டு முனையிலும் கறுப்பாக உருண்டை.

“முப்பத்தேழு” என்றாள் லோகநாயகி. “பயப்படாத பூவாயி. நாப்பதுக்கு கீழதான் கீது. கஷாயம் வெச்சுக் குடு. காலைல பாத்துக்கலாம்.”

“நெஜமாவா யக்கா? எனக்கு இன்னாவோ பேஜாரா கீது.”

“நான் சொல்றன் இல்ல.”

பூவாயி எழுந்து பையனைத் தூக்கக் குனிந்தாள்.

“அது இன்னா கைல?” என்று கேட்டான் தாமோதரன்.

“இதுவா? சரோஜா குடுத்தா. ராஜாராம் சம்சாரம். காந்த வளையலாம், கை வலிக்கு நல்லதாம். சாயங்காலம்தான் போட்டுகினேன்.”

தாமோதரன் பாயில் உட்கார்ந்தான். பூவாயியிடம் கொஞ்சம் இரு என்றான். பைக்குள் கையை விட்டான். எடுக்காமல் ஒரு நிமிடம் அப்படியே வைத்திருந்தான். எடுக்காமலே பூவாயியை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏதாவது வழி உண்டா என்று பார்த்தான். எதற்கும் ஒரு தடவை காட்டிவிடு என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தான்.

“அக்காவே முப்பத்தேழுன்னுச்சே அண்ணாத்த. கைல காசு வேற இல்ல. காலைல போறனே” என்றாள் பூவாயி.

லோகநாயகி சொன்னால் போதும் என்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் ஆகியிருந்தது. ஒன்பது வருடத்தில் அவள் சொன்னது தப்பவில்லை. தப்பாமல் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேட்டரிக் கடிகாரத்தை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். பையனின் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினான். நொடி முள் ஒவ்வொன்றாகக் குதித்தது. அறுபது முறை குதித்தது.

“நாப்பத்திமூணு. இப்பவே கெளம்பு” என்றான்.

கடிகாரத்தைப் பாயில் வைத்துவிட்டு, சட்டைப்பையில் இருந்த பணம் முழுவதையும் பூவாயியிடம் கொடுத்தான். தெருமுனைக்கு ஓடி ஆட்டோ கூட்டி வந்து, செங்கல்பட்டு என்று சொல்லி ஏற்றிவிட்டான். ஆட்டோ திரும்பும்வரை நின்றான். பிறகும் கொஞ்ச நேரம் நின்றான். உள்ளே போகத்தான் வேண்டும்.

லோகநாயகி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பேட்டரிக் கடிகாரம் அவள் மடியில் இருந்தது. ஆறு மணிக்குப் பக்கத்தில் இருந்த கீறலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். வளையல் தரையில் கிடந்தது.

“இது தப்பு காட்டும்னு நீங்கதான சொன்னீங்க.”

“அது தப்பு காட்டல.”

அவள் இரண்டு கடிகாரங்களையும் பாயில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனும் உட்கார்ந்தான். அரை மணி நேரத்தில் சுவிஸ் கடிகாரம் நான்கரை நிமிடம் முந்திப் போனது. அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் கடிகாரம் எப்படி மூச்சைக் கூட்டும், குறைக்கும் என்று அவனே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

“அன்னிக்கு நான் நாப்பத்தி நாலு எண்ணினேன்.”

“ஆமா.”

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

“நீ வாட்ச்ச கேட்ட இல்ல, அதுக்கு மறுநாள்.”

அவள் தலையை ஆட்டினாள். கடையில் விலை சொன்னால் ஆட்டுவது போல ஆட்டினாள்.

“பைய கூட எடுத்து வெச்சிருந்தேன்” என்றாள்.

அன்றைக்கு அதற்கு மேல் அவள் எதுவும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. பூவாயியின் பையனைச் சேர்த்துக்கொண்டார்கள், ஊசி போடுகிறார்கள், நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார் என்று யாரோ வந்து சொன்னார்கள். லோகநாயகி கேட்டுக்கொண்டாள். காபி வேண்டுமா என்று வந்தவரைக் கேட்டாள்.

தாமோதரன் சுவிஸ் கடிகாரத்தை ஜெபசிங்கிடம் கொண்டுபோய்ப் பத்து விநாடியில் சரி செய்து வந்தான். காலையில் சாவி கொடுத்து அவளிடம் நீட்டினான். அவள் குளித்துவிட்டு வந்து, அவனைக் கடந்து அடுப்படிக்குப் போனாள். கடிகாரம் மேஜையிலேயே இருந்தது. அதற்கடுத்த நாளும் சாவி கொடுத்தான். பிறகு கொடுக்கவில்லை. பேட்டரிக் கடிகாரம் மட்டும் பழையபடி அவன் பைக்குள் போனது.

ஒரு வாரம் கழித்துக் குப்பத்திலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். லோகநாயகி கதவைத் திறந்தாள்.

“ஜாக்குலின் சிஸ்டர்கிட்ட போ. எனக்கு எண்ணத் தெரியாது.”

“நீங்கதான யக்கா போன மாசம் எண்ணிச் சொன்னீங்க?”

“தெரியாதும்மா” என்று உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பெண் போகாமல் நின்றாள். சிஸ்டர் அன்று லீவு என்றாள். தாமோதரன் அடுப்படிப் பக்கம் பார்த்தான். பிறகு பாயை எடுத்து விரித்தான். குழந்தை தூங்கும்வரை காத்திருந்தான். பையிலிருந்து பேட்டரிக் கடிகாரத்தை எடுத்தான். அவன் இதுவரை வைஷாலியையும் பூவாயியின் பையனையும் தவிர யாருக்கும் எண்ணியதில்லை. நொடி முள் மேலே வந்ததும் தொடங்கினான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

“முப்பத்திரண்டு” என்றான்.

அந்தப் பெண் பெருமூச்சு விட்டுக் குழந்தையைத் தூக்கப் போனாள்.

உள்ளேயிருந்து லோகநாயகியின் குரல் வந்தது.

“மறுபடியும் எண்ணுங்க.”

அவன் மறுபடியும் எண்ணினான்.